இருபத்தெட்டு சென்டிமீட்டர்

நவ்ஃபல், நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன்.
மூன்று விசிறி, முப்பத்து மூன்று சென்டிமீட்டர்,
ஒரு நடுத்தரச் சீலா மீன் நீளம்.
தேராவில் விலை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன்.
ஆனால் நம் பெட்டிக்குள்
ஜாக்கெட் அளக்கிற நாடாவை விட்டுப் பார்த்தேன்:
இருபத்தெட்டு.
ஹார்ட் டிஸ்க் கூண்டைக் கழற்றினால் முப்பது.
மீதி மூன்றுக்கு எந்தச் சுவரை இடிப்பது?

மின்சாரக் கட்டை நானூற்றைம்பது வாட்.
அதுவும் ஸ்டிக்கர் சொல்வது.
சாயங்காலம் தெருவே ஏசி போடும்போது
கீழக்கரையில் டியூப்லைட் கண் சிமிட்டும்.
உன் மூன்று விசிறி அப்போது எதைத் தின்னும்?

நிக்காஹ் வருடத்துக் கார்டு நம்முடையது.
இரண்டு ஜிபி.
எட்டு வருடமாக
என் திரையில் கடல் ஒரு நீலத் தார்ப்பாய்.
'அலையைப் பார்' என்பாய்.
'பார்க்கிறேன்' என்பேன்.
எல்லாமே 'லோ'வில்.
நிழல் கிடையாது, புல் கிடையாது,
மழை வந்தால் நொடிக்குப் பதினான்கு படம்.
படகில் ஏறக் குதிப்பேன்.
நான் விழுந்தது எனக்குத் தெரியுமுன்
நீ அங்கே சிரித்து முடித்திருப்பாய்.

வியாழக்கிழமை
பெட்டியை உன் பழைய சாரத்தில் சுற்றி
மடியில் வைத்து ராமநாதபுரம் போனேன்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.
திருப்புல்லாணி வரை
ஒரு கருவாட்டுக் கூடை முழங்காலை இடித்தபடி வந்தது.

கோட்டைச்சாமி மூடியைக் கழற்றி முகர்ந்தான்.
'கடலோரம்தானே அக்கா?'
ஸ்க்ரூ தலையெல்லாம் பச்சை.
விசிறி இதழில் உப்பு.
பல் துலக்கும் பிரஷ்ஷால் துடைத்தபடியே
ஒரு பழைய கார்டை நீட்டினான்.
எட்டு ஜிபி, பாதி விலை.
யார் வைத்திருந்தது என்றேன்.
'ஒரு செட்டா வந்துச்சுக்கா, ஆறு.'
ஆறு என்றதும் புரிந்துவிட்டது.
ஏதோ கிடங்கில் இரவு பகல் காசு தோண்டியவை.
ஒரு விளையாட்டையும் கண்ணால் பாராதவை.
பாவமாக இருந்தது.
வாங்கவில்லை.

எடுத்தது சின்னது.
ஒற்றை விசிறி, பதினேழு சென்டிமீட்டர், ஆறு ஜிபி.
தனி வயர் கேட்காது.
போர்டு கொடுக்கிறதைத் தின்றுவிட்டு
போர்டிலேயே உட்கார்ந்திருக்கும்.
சிரிப்பாய். சிரி.
இதற்கு மேல் போனால் நம் பிராசசருக்கு மூச்சு வாங்கும்.
விரலுக்குத் தக்க வீக்கம்.
பணம் உன்னுடையது இல்லை,
பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷனுடையது.

நேற்று இஷாவுக்குப் பிறகு
நீ உள்ளே வர இருபது நிமிடம் இருந்தது.
துறைமுகத்தில் நின்றேன்.
அலை இருந்தது.
அலைக்கு நுரை இருந்தது.
நுரை போன பிறகும் மணல்
சற்று நேரம் ஈரமாகவே இருந்தது.
அதைக்கூட யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

நம் படகைச் சுற்றி வந்தேன்.
அணியத்தில்
நான் துரு என்று நினைத்திருந்த மஞ்சள் கறை
எழுத்து.
அந்த விளையாட்டில் தமிழே கிடையாது.
பொட்டுப் பொட்டாக வைத்து வரைந்திருக்கிறாய்:
சுலைஹா.

நோன்புக்கு முந்தின வாரம்
'படகில் ஒன்றும் பார்க்கலையா?' என்று கேட்டாய்.
'துருப் பிடித்திருக்கு' என்றேன்.
டூட்டி என்று சொல்லி
அன்று சீக்கிரம் போய்விட்டாய்.

நீ வந்ததும் ஹெட்போனில் கேட்டது:
'எத்தனை வருது?'
ஐம்பத்தெட்டு என்றேன்.
மழையில் ஐம்பது.
'அப்ப சரி.'
அடுத்ததைச் சொல்ல வாயெடுத்தேன்,
தெருவே அணைந்துபோயிற்று.

இதைப் போனில், இருட்டில் தட்டுகிறேன்.
சார்ஜ் ஒன்பது சதவீதம்.
தேரா கார்டை வாங்காதே.
வரும்போது நல்ல ஸ்டெபிலைசர் கொண்டுவா.
அப்புறம்,
அந்த 'லை'யின் கொம்பு சரிந்திருக்கிறது,
ஒரு பொட்டு தவறி.
நேராக்கிவிடாதே.